விகர்ணனுக்குக் கற்பூரம் இல்லை

துச்சாதனன் வேஷம் கட்டினவர், பாஞ்சாலியின் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் இது வழக்கம். தாயே, நான் ஆடவந்தவன், என் மேல் குற்றம் பார்க்காதே என்கிற வேண்டுதல் அது. அதற்கே கூட்டத்தில் சில பெண்களுக்கு அருள் வந்துவிடும். முகவீணை உச்சத்துக்கு ஏற, மத்தளம் விடாமல் அடிக்க, சில ஊர்களில் துச்சாதனனுக்கே நிலைதவறி, அவரைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருக்கும்.

ஐயம்பேட்டையில் தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, தார் சுற்றியும் கோர்வைச் சேலைக்கு மறுகரையில் நாடா தள்ளியும் வயதானவள் நான். அந்தக் காட்சியில் என் கண் முதலில் துணியின் மேல்தான் போகும். ஒரு பட்டுச் சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பதற்குள் எங்களுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. கண்ணன் பாவும் இல்லாமல் ஊடையும் இல்லாமல் சேலையை விட்டுக்கொண்டே இருக்கிறாரே என்று சிரித்துக்கொண்டதும் உண்டு. சாமி கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன்.

என்னை உறுத்துவது வேறு. பாஞ்சாலி அந்தச் சபையில் சேலை கேட்கவில்லை, ஒரு கேள்வி கேட்டாள். தன்னையே முதலில் தோற்றுவிட்டவருக்கு, பிறகு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? தர்மம் நுட்பமானது என்று சொல்லி பீஷ்மர் நழுவினார். துரோணர் பேசவில்லை. பெரிய மாமனார் திருதராஷ்டிரனுக்குக் கண்தான் தெரியாது, காது கேட்கும், அவரும் பேசவில்லை. ஐந்து புருஷன்மாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மேலேயிருந்து சேலை வந்தது. பதில் வரவில்லை.

கூத்துப் பார்க்கிற நாமும் சேலை வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு முடித்துவிடுகிறோம். துச்சாதனனை மண்ணை வாரித் தூற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தருமரைத் திட்டி ஒரு குரல் எழுந்து நான் கேட்டதில்லை. அவர் வீட்டுக்கு மூத்தவர், நல்லவர், சூதாடித் தோற்றவர். அப்படி ஒருவர் இல்லாத வீடு எது? துச்சாதனனைத் திட்டுவது சுலபம், அவன் நம் வீட்டில் இல்லை.

இந்தக் கூத்தை ஊர்த்திடலுக்கு வெளியேயும் கொண்டுபோனவர்கள் உண்டு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் இருக்கிறது கட்டைக்கூத்துச் சங்கம். 1990இல் தொடங்கியது. பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002இல் அங்கே குருகுலம் நடத்த ஆரம்பித்து, ஆண்களே கட்டிவந்த வேஷங்களைப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமாரின் கச்சேரிப் பாட்டோடு கூத்தைச் சேர்த்து, துகிலுரிதலை நகரத்து அரங்குக்கும் கொண்டுபோனார்கள். டிக்கெட் வாங்கி நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அருள் வருவது அபூர்வம். பக்தி குறைந்துவிட்டது என்று இதைக் குறைசொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். அருள் வந்து ஆடாதவருக்குக் கேள்வி காதில் விழ ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. அதே சமயம், வெறுமனே உட்கார்ந்து பார்ப்பதைத்தான் பீஷ்மரும் செய்தார் என்பதையும் மறக்க முடியவில்லை.

பாஞ்சாலியின் கேள்விக்குப் பதிலே வரவில்லை என்று என் மாமியாரிடம் சொன்னபோது அவர் தார் சுற்றுவதை நிறுத்தவில்லை. "மானம் போற நேரத்துல எவளுக்குடி ஞாயம் வேணும்? அப்ப பொடவதான் வேணும். ஞாயத்த அப்புறமா பாத்துக்கலாம்" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த 'அப்புறம்' வர 12 வருஷ வனவாசமும் ஒரு வருஷ அஞ்ஞாதவாசமும் 18 நாள் சண்டையும் ஆயின. அதிலும் கிடைத்தது துரியோதனன் ரத்தம்தான். படுகளத்தில் மண்ணால் செய்த அவன் உருவத்தின் மேல் பாஞ்சாலிக்குக் கூந்தல் முடிகிறோமே தவிர, கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை.

ஆனால் சபையில் ஒருவன் பேசினான். கௌரவர் நூற்றுவரில் ஒருவன், துரியோதனன் தம்பி விகர்ணன். தோற்றவர் வைத்த பணயம் செல்லாது என்று நேராகவே சொன்னான். கர்ணன் அவனை அடக்கினான். பாரதியும் பாஞ்சாலி சபதத்தில் அவனைப் பேசவைத்திருக்கிறார். சேலையை இழுக்கிறவருக்கு ஒரு கற்பூரம் உண்டு. இழுக்காதே என்றவனுக்கு எந்த ஊரிலும் கற்பூரம் காட்டி நான் பார்த்ததில்லை. ஏன் என்று யோசித்தால், அவனும் சொல்லிவிட்டு அங்கேயேதான் உட்கார்ந்தான். சண்டையில் அண்ணன் பக்கமே நின்று பீமன் கையால் செத்தான். நியாயம் தெரிந்திருந்தது, வீட்டை விட முடியவில்லை. அது பாவமா, பாசமா? திருதராஷ்டிரனின் இன்னொரு மகன் யுயுத்சு போர் தொடங்குமுன் பாண்டவர் பக்கம் போனான், பிழைத்தான். எனக்கு அவன்தான் சரி.

"அவன் பணிப்பொண்ணு வயித்துப் புள்ள," என்றார் அத்தை. "அவனுக்கு விட்டுட்டுப் போறதுக்கு வீடுன்னு ஒண்ணு இருந்துச்சா?"

இல்லாததால்தான் அவனுக்குப் போகத் தெரிந்தது அத்தை என்பது என் கட்சி. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.