அறியாமையா, அறிய மறுப்பதா?

இங்கிலாந்தில் பழைய வீடொன்று விலைக்கு வருகிறது. சுவரிலே புதுவண்ணம்; கூரைப் பலகையிலோ கல்நார், ஆஸ்பெஸ்டாஸ்! நீலமும் பழுப்பும் அங்கே 1985-இல் தடுக்கப்பட்டன. வெள்ளைக் கல்நார் 1999-இல். அதற்குமுன் எழுந்த இல்லங்கள் பலவற்றில் அது இன்றும் உறங்குகிறது. எனினும், தன் வீட்டை விற்பவர் கல்நார்ச் சோதனை செய்தே தீரவேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. வாங்குபவனே விழித்திருக்க வேண்டும் என்பதே அந்நாட்டுப் பழைய நெறி.

விழித்திருந்தால் மட்டும் தெரியுமா? கண்ணுக்குப் புலனாகாத இழையன்றோ அது! அசையாதவரை ஆபத்துக் குறைவு. துளைத்தால், அறுத்தால், தூசியாய்ப் பறந்து நுரையீரலில் தங்கும். நோய் தலைகாட்ட 20 ஆண்டுகள் ஆகலாம். 40 ஆண்டுகளும் ஆகலாம். அன்று விற்றவரை எங்கே தேடுவது?

"எனக்குத் தெரியாது என்றேன், பொய் சொல்லவில்லையே" என்பார் விற்றவர். நாம் கேட்கிறோம்: தெரிந்துகொள்ள வழியிருந்தும், தெரிந்தால் விலை குறையுமே என்று சோதிக்காதிருப்பது அறியாமையா? அல்ல; அறிய மறுப்பது. அது வாய் திறவாத பொய்!

சட்டம் கேளாத இடத்திலேதான் அறத்துக்கு வேலை. சோதிப்போம், கண்டதைச் சொல்வோம், பிறகு விலை பேசுவோம். குறைவது பணம், காக்கப்படுவது, நாளை அச்சுவரைத் துளையிடப் போகும் ஒருவரின் மூச்சு!