போன நாழிகை

ஐப்பசி மாதத்துச் சதயத் திருநாளில், திருமயிலை ஆதிகேசவப் பெருமாள் ஸந்நிதியைச் சூழ்ந்த வீதிகளில் பேயாழ்வாரைச் சேவிக்கத் திரளும் அடியார்கள் பலவகையினர். நெடுந்தொலைவிலிருந்து வந்தவர் உண்டு. அடுத்த தெருவிலிருந்து வந்தவரும் உண்டு. எம்பெருமான் திருமுன்பு கைகூப்பி நிற்கும்போது அவர்கள் வாய்விட்டுக் கேட்பவை உடல்நலம், மக்கட்பேறு, மகளின் திருமணம் போன்றவை. வாய்விட்டுக் கேளாத விண்ணப்பம் ஒன்றும் பலர் நெஞ்சில் உண்டு. 'அந்த ஒரு நாழிகை மட்டும் திரும்பக் கிடைத்திருந்தால்!' என்பதே அது. கேட்டாலும் கிடைக்காது என்று அறிந்திருப்பதால் அதை எவரும் சொல்வதில்லை. ஆயினும் கண்ணீராக வெளிப்படுவது பெரும்பாலும் அதுவே.

அந்த விண்ணப்பம் நிறைவேறுவதாகவே கொள்வோம். அதற்கு ஓர் அளவும் வைப்போம். ஒவ்வொரு மனிதருக்கும் வாழ்நாளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நாழிகை, அதாவது இருபத்துநான்கு நிமிடம், காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஆற்றல் அளிக்கப்பட்டுவிட்டது. இதை மனிதர் எவ்வாறு பயன்படுத்துவர்? விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாவினுள் மனித நெஞ்சின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதல் நாழிகை பெரும்பாலும் அற்பத்தில் போகும். தியாகராய நகர்க் கடைவீதியில் ஒரு புடவையை வாங்கிக்கொண்டு பத்தடி நடந்தவள், அடுத்த கடையில் அதே புடவை முந்நூறு ரூபாய் குறைவாகத் தொங்குவதைக் காண்கிறாள். மனம் பொறுக்கவில்லை, நாழிகையைத் திருப்பிவிடுகிறாள். தேர்வெழுதி வெளியே வந்த மாணவன் நான்கு மதிப்பெண்ணுக்காகத் திருப்புகிறான். பேருந்தைத் தவறவிட்டவர் பேருந்துக்காகத் திருப்புகிறார். கிடைத்தற்கரிய பொருள் கையிலிருக்கும்போது அதன் அருமை தெரிவதில்லை அன்றோ?

இரண்டாவது வகையினர் சேமிப்பவர். 'இதைவிடப் பெரிய ஆபத்து வரக்கூடும். அன்றைக்கு வேண்டும்' என்று மூன்று நாழிகையையும் பெட்டியிலிட்டுப் பூட்டி வைப்பவர். மனைவி அழுத நாளில் அவர் திருப்பவில்லை. நண்பன் முகம் வாடிப் படியிறங்கிய நாளிலும் திருப்பவில்லை. கடைசியில் மூன்றையும் செலவழியாமலே வைத்துவிட்டு மறைவார்.

மூன்றாவது வகையினரே அஞ்சத்தக்கவர். திருப்பும் ஆற்றல் இருக்கிறது என்ற துணிவிலேயே நாவைக் கட்டவிழ்த்து விடுவோர் இவர்கள். 'சொல்லித்தான் பார்ப்போமே, வேண்டுமானால் திருப்பிக்கொள்ளலாம்' என்று சுடுசொல்லை வீசுவர். எதிரில் நின்றவர் முகம் சிவந்து, கண் கலங்கி, நெஞ்சு நொறுங்கியதை இவர் கண்ணாரக் காண்பார். நாழிகை திரும்பியதும் நொறுங்கியவருக்கு அது மறந்துபோம், நொறுக்கியவருக்கு மறவாது. தவறு அழிந்தது, தவறு செய்த மனம் அப்படியே இருக்கிறது. திருந்த வேண்டியது எது என்பது இங்கே விளங்கும்.

இன்னும் ஒன்று சிந்திக்கத்தக்கது. காலம் என்பது ஒருவருக்கே உரிய சொத்தன்று. மயிலையில் ஒருவர் தம் நாழிகையைத் திருப்பினால் அடையாற்றில் இருப்பவருடைய நாழிகையும் கூடவே திரும்பும். அந்த நாழிகையில் எங்கோ ஒரு குழந்தை பிறந்திருக்கலாம். நெடுநாள் பேசாதிருந்த இரு சகோதரர் பேசத் தொடங்கியிருக்கலாம். தம் வருத்தம் தீரப் பிறர் மகிழ்ச்சியை அழிக்கும் உரிமை யாருக்கு உண்டு? காலமே தான் என்று கீதையின் பதினோராம் அத்யாயத்தில் அர்ஜுனனுக்கு அருளிச்செய்தான் கண்ணன். எல்லாருக்கும் பொதுவாயுள்ள ஒன்று எல்லாருக்கும் பொதுவானவன் கையிலேயே இருப்பதுதான் முறை.

எந்த நாழிகையைத் திருப்புவது?

சென்னை மாநகர் மறக்க இயலாத ஓர் இரவு உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி. நவம்பர் முழுவதும் பெய்து நிலம் ஊறிக் கிடந்த நிலையில் மீண்டும் பெருமழை கொட்டிற்று. 24 அடி ஆழமுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின.

அவ்விரவுக்குப் பின் அப்பகுதிகளில், 'ஒரு நாழிகை முன்பே எழுந்திருந்தால்' என்று எண்ணாத வீடு குறைவு. அந்த ஒரு நாழிகையில் பத்திரங்களை மேலே எடுத்து வைத்திருக்கலாம். படுக்கையில் கிடந்த முதியவரை மாடிக்கு ஏற்றியிருக்கலாம். இந்த ஏக்கம் நியாயமானது, எவரும் நகைக்கத்தக்கதன்று.

ஆனால் வெள்ளத்தையே தடுக்க வேண்டுமானால் எந்த நாழிகையைத் திருப்புவது? ஏரியை முன்னதாகவே சிறிது சிறிதாகத் திறந்திருக்க வேண்டும் என்றால் நாள்கணக்காகப் பின்செல்ல வேண்டும். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்றே கூறிற்று. ஆற்றின் வெள்ளப் படுகையில் வீடு எழும்பாதிருக்க வேண்டும் என்றால் பல்லாண்டுகள் பின்செல்ல வேண்டும். இன்றைய தியாகராய நகர் இருக்குமிடத்தில் முன்பு நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920களில் அது தூர்க்கப்பட்டு நகரமாயிற்று. மேற்கு மாம்பலத்தின் ஏரிக்கரைச் சாலையும் லேக் வியூ சாலையும் இன்றும் பெயரளவில் அதை நினைவூட்டுகின்றன. மழைதோறும் அப்பகுதியில் நீர் தேங்குவதன் காரணத்தை அந்நாள்வரை தேடிச் செல்லலாம். பெருந்தவறு என்பது ஒரு நாழிகையில் பிறப்பதன்று. பல கைகள் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேர்த்தது, ஒரு நாழிகையில் வெளிப்படுகிறது, அவ்வளவே. இல்வாழ்க்கையிலும் அப்படித்தான். 'அன்று அந்தச் சொல்லைச் சொல்லாதிருந்தால்' என்று வருந்துபவர், அச்சொல்லுக்கு முன் பத்தாண்டுகளாகச் சொல்லாமல் விட்ட அன்புச் சொற்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வெள்ளத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள் தங்கள் படகுகளை நகரத் தெருக்களுக்குக் கொண்டுவந்து, அறிமுகமில்லாத மக்களை ஏற்றிக் கரை சேர்த்தனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை தாக்கியது அத்தகைய குப்பங்களைத்தான். அந்தக் காலைப்பொழுதை அவர்களுக்கு எவரும் திருப்பித் தரவில்லை. ஆனால் பதினொரு ஆண்டுகள் கழித்து வந்த ஓர் இரவு அவர்கள் கையில் இருந்தது. அதை அவர்கள் வீணாக்கவில்லை.

இளமை பெற்ற மூதாட்டி

காலம் பின்னோக்கித் திரும்பிய வரலாறு நம் ஸம்ப்ரதாயத்தில் இல்லாததன்று. மயிலையில் அவதரித்த பேயாழ்வாரின் திருவடிகளை ஆச்ரயித்தவர் திருமழிசையாழ்வார். அவர் திருக்கச்சியில் திருவெஃகா எம்பெருமானருகே எழுந்தருளியிருந்த காலத்தில், மூதாட்டி ஒருத்தி நாள்தோறும் அவர் இருக்குமிடத்தைப் பெருக்கி மெழுகிக் கோலமிட்டுக் கைங்கர்யம் செய்துவந்தாள். ஆழ்வார் உகந்து, 'வேண்டுவது யாது?' என்று கேட்க, 'இத்தொண்டைத் தொடர்ந்து செய்ய உடம்பு ஒத்துழைக்கவில்லை. முதுமை நீங்க வேண்டும்' என்றாள் அவள். ஆழ்வார் கடாக்ஷித்தார், இளமை திரும்பிற்று.

அவள் அழகைக் கண்ட பல்லவ மன்னன் அவளை மணந்தான். ஆண்டுகள் சென்றன; அவனுக்கு நரை வந்தது, அவளுக்கு வரவில்லை. உண்மையறிந்த மன்னன் தனக்கும் அது வேண்டும் என்றான். ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை அழைத்து, ஆழ்வாரைக் கூட்டிவா என்றான், அவர் மறுத்தார். என்னைப் பாடு என்றான், அதற்கும் மறுத்தார். நாட்டைவிட்டுப் போ என்றான்.

வரம் ஒன்றே, வேண்டியவர் இருவர். மூதாட்டி வேண்டியது தொண்டுக்கு. மன்னன் வேண்டியது போகத்துக்கு. யயாதியின் சரிதமும் இதையே காட்டும். மகன் பூருவின் இளமையை வாங்கி நெடுங்காலம் இன்பம் துய்த்த அவன், ஆசை துய்க்கத் துய்க்க வளர்வதேயன்றித் தணிவதில்லை என்றுணர்ந்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தான். காலம் திரும்பக் கிடைப்பது பெரிதன்று. எதற்காக என்பதே பெரிது. மூதாட்டியைப் போல் வேண்டுவோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சமே அறியும்.

திரும்பாத நாழிகைக்குப் பரிஹாரம்

இவையெல்லாம் கேட்ட பின்னும் ஒருவர் மனம் ஆறாதிருக்கலாம். தந்தை இறுதியாக அழைத்தபோது 'நாளை வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகாதிருந்த மகன் அவர். அவருக்கு இளமை வேண்டா, பொருள் வேண்டா. அந்த ஒரு மாலைப்பொழுதே வேண்டும். போகத்துக்காகவா கேட்கிறார்? இல்லையே! அவருக்கு சாஸ்த்ரம் கூறும் மறுமொழி என்ன?

சரணமடைந்தவனுடைய பழைய பாபங்கள் அழியும், பின்பு அறியாமல் நேர்பவை ஒட்டமாட்டா என்பது ப்ரஹ்மஸூத்ரத்தின் நாலாம் அத்யாயத்தைக் கொண்டு பூர்வாசார்யர்கள் நிர்ணயித்த பொருள். ஆண்டாளும் திருப்பாவையின் ஐந்தாம் பாசுரத்தில் ஆயர்சிறுமியருக்கு இந்த நம்பிக்கையையே ஊட்டினாள். இங்கே நுட்பமாகக் காணவேண்டியது ஒன்று. அழிவது வினையின் கட்டே தவிர, வினை நடந்தது என்ற உண்மை அன்று. தந்தை காத்திருந்தார், மகன் வரவில்லை. இதை எந்த ப்ராயச்சித்தமும் நடவாததாக ஆக்குவதில்லை. அப்படி ஆக்குவதாக ஆசார்யர்கள் சொல்லவும் இல்லை. எனவே அறிந்தே செய்யும் பிழைக்கு இது முன்கூட்டிய அனுமதியும் ஆகாது.

ஆயின் பயன் யாது எனில், அநுதாபம் என்னும் அத்தீ மனிதனை எரித்துச் சாம்பலாக்காமல் புடம் போடுகிறது என்பதே பயன். மேற்சொன்ன மூன்றாம் வகையினரை நினைவு கொள்க. அவர்களுக்கு நாழிகை திரும்பிற்று, மனம் திரும்பவில்லை. அநுதாபமுடையவனுக்கோ நாழிகை திரும்பவில்லை, மனம் திரும்பிவிட்டது. இரண்டில் எது மேல்? அம்மகன் இனி எந்த முதியவரின் அழைப்பையும் நாளைக்கு என்று தள்ளமாட்டான். தந்தைக்குச் சேராத அந்த மாலை, வேறு யாருக்கோ சேரும். இது இழந்ததற்கு ஈடாகாதுதான். ஆயினும் வீணுமன்று.

கட்வாங்கன் என்னும் அரசன் தேவர்களுக்காகப் போரிட்டவன். தன் ஆயுளில் எஞ்சியது ஒரு முஹூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, என்று அவர்களிடமிருந்து அறிந்தான். கழிந்த காலத்தைத் திருப்பித் தருமாறு அவன் கேட்கவில்லை, எஞ்சிய இரண்டு நாழிகையை எம்பெருமானிடம் வைத்தான், உய்ந்தான். போன மூன்று நாழிகையைக் கற்பனையில் கேட்கும் மனிதனுக்கு, வரும் இரண்டு நாழிகை உண்மையிலேயே கையில் இருக்கிறது.

மாறிக் கிடந்த கோலம்

திருவெஃகாவில் பின்பு நிகழ்ந்ததை அடியார்கள் நன்கு அறிவர். கணிகண்ணன் வெளியேற, ஆழ்வார் உடன் புறப்பட்டார். ஆழ்வார் சொல்ல, எம்பெருமானும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றான். கச்சி நகர் பொலிவிழந்தது. மன்னன் ஓடிவந்து பிழைபொறுக்க வேண்டினான். ஆழ்வார் விண்ணப்பிக்க, எம்பெருமான் மீண்டு வந்து முன்போலப் பள்ளிகொண்டான். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற திருநாமமும் பெற்றான்.

முன்போலவா? இல்லை. வழக்கமான சயனத்துக்கு மாறான பக்கமாகவே அங்கு அவன் சாய்ந்தருளுகிறான் என்பதைச் சேவித்தவர் அறிவர். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை என்ற பெயரோடு இன்றும் விளங்குகிறது. எல்லாம் வல்ல எம்பெருமான், திருவுள்ளமாயின், அந்த இரவையே இல்லாததாக்கியிருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. மன்னன் பிழை செய்தான், வருந்தினான், மன்னிக்கப்பட்டான் என்ற மூன்றையும் தன் திருமேனிக் கிடையிலேயே தாங்கிக் காட்டுகிறான். மன்னித்தபின்னும் வடு இருக்கும். அந்த வடுவே அடியார்க்குச் சேவையாகும்.

திருமழிசைப்பிரான் பேயாழ்வாரைச் சந்தித்த வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. பேயாழ்வார் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் நீர் வார்த்துக்கொண்டிருந்தாராம். பல சமயங்களை ஆராய்வதில் நெடுங்காலம் கழித்திருந்த திருமழிசைப்பிரானுக்கு அது ஒரு குறிப்பாயிற்று. வாதம் எழுந்தது, தெளிவு பிறந்தது. கழிந்த அந்நெடுங்காலம் அழிந்துபோகவில்லை; பின்னர் அவர் பாடியவற்றின் உறுதிக்கு உரமாகி நின்றது எனலாம்.

வாழ்நாள் என்பதும் ஓட்டைக் குடமே. சிந்திய நீரைக் கையால் அள்ள முடியாது. குடத்தில் இன்னும் சிறிது இருக்கிறது. திருவிழா முடிந்து வீடு திரும்பும் அடியார், யாரிடம் பேசாமல் வந்தாரோ அவரிடம் இன்றிரவே ஒரு சொல் பேசுவாராயின், அவர் திருப்ப விரும்பும் நாழிகைகளில் ஒன்று குறையும்.