உள்ளானுக்கு வகுத்த புவனம்

ஆன்மாக்களுக்கு அவற்றின் வினைக்கீடாகத் தனு (உடல்), கரணம் (உட்கருவி), புவனம் (உலகு), போகம் (நுகர்பொருள்) என்னும் நான்கினையும் இறைவன் கூட்டுவிக்கின்றான் என்பது சைவசித்தாந்தத்தின் பாலபாடம். இவற்றுள் தனுவை அழித்தலே கொலை, அதனை நாம் செய்திலோம், ஆதலின் நம் கடன் தீர்ந்தது என்று வெள்ளிக்கிழமை மரக்கறி உண்டு திருப்தியுறுவோர் நம்மிற் பலர். புவனத்தை அழித்தல் எக்கணக்கிற் சேரும் என்னும் வினாவையோ, யாழ்ப்பாணத் தீவகத்துப் புளியங்கூடலைச் சூழ்ந்த பரவைக்கடல் ஆண்டுதோறும் நம்முன் வைக்கின்றது.

சோளகம் ஓய்ந்து வாடை எழும் காலத்தில், பண்ணைத் தாம்போதியின் இருமருங்கும், வேலணை, சரவணைக் கரைகளிலும், வற்றிய சேற்றில் வளைந்த அலகைத் தையலூசி போலக் குத்திக் குத்தி இரைதேடும் உள்ளான் என்னும் வலசைப் பறவையின் நிறை 60 கிராம் அளவே. அது பிறந்த இடமோ சைபீரியாவின் வடகோடியில், தைமீர் முதலிய துந்திரா வெளிகள். அடைகாக்கும் பருவத்திலேயே ஆண்பறவை தெற்கே புறப்பட்டுவிடும். தாயும் பிள்ளைகளுக்கு முந்திப் பறந்துவிடும். பொரித்த சில மணி நேரத்திலேயே நடந்து தன் பூச்சியைத் தானே கொத்திய அக்குஞ்சு, பின்னர் வழிகாட்டுவாரின்றி, ஒருபோதும் காணாத கரையை நாடி ஆயிரக்கணக்கான மைல் கடந்து வருகின்றது. இயற்கையுணர்ச்சி என்று விஞ்ஞானி கூறி அமைவான். கூட்டப்பட்ட கரணம் என்பான் சித்தாந்தி.

அத்துந்திரா வெளியில் லெமிங் என்னும் எலியினம் பெருகிய ஆண்டில் துருவநரி அவற்றைத் தின்று உள்ளானின் கூட்டை விட்டுவைக்கும். எலி அருகிய ஆண்டில் முட்டையும் குஞ்சும் அதற்கு இரையாக, நம் கரைக்கு வரும் இளம்பறவைகள் குறையும். ஓருயிரின் வாழ்வு மற்றோருயிரின் சாவில் தங்கிய இவ்வேற்பாட்டைக் கருணையென்று கொள்வது எங்ஙனம்? இதற்கு எனக்கு முழுத்திருப்தி தரும் சமாதானம் இன்னும் அகப்படவில்லை. ஒன்று மாத்திரம் தெளிவு: நரிக்கு விதியுமில்லை, விலக்குமில்லை, அவ்விரண்டும் மனிதனுக்கே உரியன.

பறவை படுந்துன்பம் அது நுகரவேண்டிய பழவினையாகிய பிராரத்தம், நாம் இடையிற் புகுவதேன் என்பாருமுளர். தெருவில் அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டு இவ்வாறு சொல்லிப் போக அவரே துணியார். துன்பம் அதன் வினையாயினும், அதற்குக் கருவியாகும் நமக்குப் புதுவினையாகிய ஆகாமியம் ஏறாதொழியுமா?

வடதுருவப் பிரதேசம் உலகின் ஏனைய பாகங்களைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பமுறுகின்றது. பனி முந்தி உருகப் பூச்சிகளும் முந்தி எழுந்துவிட்டால், பிந்திப் பொரிக்குங் குஞ்சுக்கு இரையில்லை. 2024ஆம் ஆண்டில் இவ்வுள்ளானினம் அழிவபாயத்துக்கு இலக்காகக்கூடியதென உலகச் செம்பட்டியலிற் குறிக்கப்பட்டது. இந்நிலையில் அது இரைதேடும் நம் கரைச்சேற்றைத் தூர்த்தலும் அதன் புவனத்தை அழித்தலே. ஆறுமுக நாவலர் கண்டித்த கோயிற்பலியில் இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தது. சேற்றைத் தூர்க்கும் மண்லொறியில் அது தெரிவதில்லை.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அங்குள்ள ஈரநிலத்தையும் வலசைப் பறவைகளையும் குறித்துச் சூழலியலாளர் ஆட்சேபித்தனர். நம் இளைஞருக்கு மைதானம் வேண்டாமென்பாரிலர். ஆயினும் எவ்விடத்தில், எவ்வளவு சேற்றை மூடி என்னும் கேள்வியைச் சூழலியலாளரிடமே விட்டுவிடாது, கொல்லாமையைப் பிரசங்கிக்கும் நம் சைவ சபைகளும் கேட்டிருத்தல் தகும்.