ஓர் அடியும் ஒரு கையெழுத்தும்

நான் கோப்பை கழுவுகிற ரெஸ்ரோறண்டின் முதலாளிக்குக் கோல்ஃப் பைத்தியம். சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், கடைசி மேசை எழும்பிப் போன பிறகும் ரி.வி.யை நிற்பாட்ட மாட்டார். அமெரிக்காவில் ஒகஸ்டா என்ற இடத்தில் நடக்கும் மாஸ்ரர்ஸ் போட்டி அது. நான் நிலம் துடைத்தபடி இடைக்கிடை நிமிர்ந்து பார்ப்பேன். பணக்காரரின் விளையாட்டு, நமக்கென்ன என்றிருந்தவனுக்கு அவர்தான் ஒரு வருடம் டி விசென்சோவின் கதையைச் சொன்னார். ஒரு மடையனின் கதையாகச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு தேடி வாசித்தேன்.

ரொபேர்ட்டோ டி விசென்சோ ஆர்ஜென்ரீனாக்காரர். சிறு வயதில் மற்றவர்களின் பந்துப்பையைத் தூக்கி நடந்து அந்த விளையாட்டைப் பழகியவர். உலகம் முழுக்க இருநூறுக்கு மேற்பட்ட போட்டிகளில் வென்றவர். 1967இல் பிரித்தானிய ஓப்பன் பட்டத்தையும் எடுத்தார். 1968 ஏப்ரல் 14, மாஸ்ரர்ஸின் கடைசி நாள், அவருக்கு நாற்பத்தைந்தாவது பிறந்தநாள். நான்கு அடிக்கான முதற் குழியை இரண்டே அடியில் முடித்தார். பதினேழாம் குழியில் மூன்றடி. சனம் நேரே பார்த்தது, ரி.வி.யிலும் பார்த்தது. பதினெட்டில் ஓர் அடி கூடிப்போனது. அன்றைய கணக்கு 65. நான்கு நாளும் சேர்த்து 277. பொப் கோல்பியும் 277. மறுநாள் இருவரும் மோதியிருக்க வேண்டும்.

கோல்ஃபில் ஒருவரின் கணக்கைக் கூட ஆடுபவர் எழுதுவார். ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். கூட ஆடிய ரொமி ஏரன் பதினேழாம் குழிக்கு மூன்றுக்குப் பதிலாக நான்கு என்று எழுதிவிட்டார். கடைசிக் குழியின் சலிப்பில் இருந்த டி விசென்சோ சரியாகப் பார்க்காமல் கையெழுத்து வைத்துவிட்டு எழும்பினார். பிழையைக் கண்டு சொன்னவரும் ஏரன்தான். ஆனால் காலம் கடந்துவிட்டது. அடித்ததைவிடக் குறைத்து எழுதிக் கையெழுத்து வைத்தால் போட்டியிலிருந்தே வெளியே. கூட்டி எழுதினால் அந்தக் கூடிய கணக்கே நிற்கும். 278. கோல்பி சம்பியன்.

எல்லாருக்கும் தெரிந்த உண்மையை ஒரு கடதாசி வெல்லலாமா? முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சட்டத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. 1925இல் அமெரிக்க ஓப்பனில் பொபி ஜோன்ஸ் அடிக்க நின்றபோது பந்து சற்று அசைந்தது. வேறு யாரும் காணவில்லை. அவரே சொல்லித் தன்மேல் ஓர் அடி தண்டம் போட்டுக்கொண்டார். கடைசியில் சமநிலையாகி, மேலதிக ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் தோற்றார். பிற்காலத்தில் மாஸ்ரர்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் இதே ஜோன்ஸ். பரந்த புல்வெளியில் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு நடுவர் நடக்க முடியாது. ஆடுபவனின் வாக்கே நடுவர். யாரும் காணாததை ஒருவனின் சொல்லுக்காக நம்புகிற விளையாட்டு, எல்லாரும் கண்டதையும் அவன் கையெழுத்துக்காகத் தள்ளிவிடுகிறது. இரண்டும் ஒரே வேரில் வந்தவை. ஒன்றைப் புகழ்ந்துகொண்டு மற்றதைத் திட்டுவது எனக்கு இப்போது அவ்வளவு சுலபமாக இல்லை.

கோல்பியை யாரும் நினைப்பதில்லை. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. அன்று அவரும் 66 அடித்தவர். அவருக்கு வந்தவை வசைக் கடிதங்கள். அவரது ஒரே பெரிய பட்டம் அது; சாகும்வரை அதோடு ஒரு 'ஆனால்' ஒட்டியே இருந்தது.

டி விசென்சோ ஏரனைக் குற்றம் சொல்லவில்லை. தன் உடைந்த ஆங்கிலத்தில் தன்னையே முட்டாள் என்றார். அந்த உடைந்த ஆங்கிலத்தையே உலகம் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறது. மூன்று கிழமையில் ஹூஸ்ரனில் ஒரு போட்டியை வென்றார். 1970இல் ஜோன்ஸின் பெயரிலான விருது, விளையாட்டுப் பண்புக்காக, அவருக்குக் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு இடறுகிறது. என் அகதி விண்ணப்பத்தை ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதினார். அண்ணன் பிடிபட்ட வருடத்தை ஒன்று பிந்தி எழுதிவிட்டார். "எல்லாம் சரிதானே தம்பி, வையும் கையெழுத்தை" என்றார். "ஓம் அண்ணை" என்று வைத்தேன். விசாரணையில் நான் உண்மையான வருடத்தைச் சொன்னேன். முன்னுக்குப்பின் முரண் என்று நிராகரித்தார்கள். மொழிபெயர்ப்பாளரின் பிழை என்று சொன்னேன். அதிகாரி கோபப்படவில்லை. கடதாசியைத் திருப்பி என் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மேன்முறையீட்டில் நான்கு வருடம் போனது. பல்கலைக்கழகத்தில் விட்ட படிப்பைத் தொடரலாம் என்ற எண்ணமும் அதற்குள் போய்விட்டது.

டி விசென்சோ விரும்பி, சட்டம் தெரிந்து களத்தில் இறங்கியவர்; தோற்றால் அடுத்த போட்டி இருந்தது. நான் அப்படியா இறங்கினேன்? தெரியாத மொழியில் எழுதிய தாளுக்கு ஒருவனை எப்படிப் பொறுப்பாக்கலாம்? பல வருடமாக இந்த வாதத்தை நான் எனக்குச் சொல்லி வந்தேன். பெரும்பாலும் சரியான வாதம்தான்.

ஆனால் அந்த வருடம் எழுத்தில் இல்லை, எண்ணில் இருந்தது. எண் வாசிக்க எனக்குத் தெரியும். அன்று பின்னேரம் வேலைக்குப் பிந்திவிடும் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.