அனந்தத்துக்கு ஒரு முழக்கோல்

கருந்துளையின் மையத்தில் அடர்த்தி அனந்தம் என்கிறார்கள். உடனே ஒரு மறுப்பு எழுகிறது: இயற்கையில் நீளத்துக்கு ஒரு கீழெல்லை உண்டு, அதற்குக் கீழே எதையும் நசுக்க முடியாது, ஆகவே அனந்தம் இல்லை. இந்த 'ஆகவே'தான் உறுத்துகிறது.

அந்தக் கீழெல்லை எங்கிருந்து வந்தது? 1899-ல் மாக்ஸ் பிளாங்க் சில இயற்கை மாறிலிகளைச் சேர்த்து ஒரு நீளத்தைப் பெற்றார். ஒரு மீட்டரை, ஒன்றுக்குப் பின் 35 சைபர் போட்ட எண்ணால் வகுத்து, வருவதை 1.6 ஆல் பெருக்கவேண்டும். அவர் தேடியது மனிதனின் முழத்தையும் சாணையும் சாராத ஓர் அளவுகோலை. அது தடுப்புச்சுவராக்கப்பட்டது பின்னால் வந்தவர்களின் காரியம். அதைவிடச் சிறிய நீளம் இல்லையென்று எந்தப் பரிசோதனையும் காட்டிவிடவில்லை.

சரி, எல்லை உண்டென்றே வைத்துக்கொள்வோம். அதே மாறிலிகள் ஓர் அடர்த்தியையும் தருகின்றன: கன மீட்டருக்கு ஏறக்குறைய 5-க்குப் பின் 96 சைபர் கிலோ. சூரியனளவு பொருளை அந்த அடர்த்திக்கு நசுக்கிப் பார்த்தால் அதன் அகலம் பிளாங்க் நீளத்தைப்போல் சில லட்சம் கோடி மடங்கு! அதாவது, தடை என்று ஒன்று இருந்தால் அது நீளத்தின் வாசலுக்கு வெகு முன்பே குறுக்கிட்டுவிடுகிறது. 2014-ல் ரொவெல்லியும் விடோட்டோவும் முன்வைத்த 'பிளாங்க் நட்சத்திரம்' இத்தகைய தடைதான். கருதுகோள், அதற்குமேல் இன்னும் இல்லை.

முடிவு அபத்தம், எனவே வழியில் எங்கோ கோளாறு என்ற தர்க்கம் புதிதல்ல. 1935 ஜனவரியில் லண்டனில், 24 வயது சந்திரசேகரின் கணக்குக்கு எதிராக எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாகவேண்டும் என்றார். இருந்தாகவேண்டும்! விருப்பத்தை விருப்பமென்றே தெரியும்படி சொன்ன நேர்மை அவரிடம் இருந்தது. நம் மறுப்பாளர் அதற்கு ஒரு நீளத்தின் முகமூடியை மாட்டிவிடுகிறார்.

மேலும், 1965-ல் பென்ரோஸ் நிறுவியது அனந்த அடர்த்தியை அல்லவே. பொதுச் சார்பியல் சரியானால், உள்ளே ஏதேனும் ஓர் ஒளிப்பாதையாவது தொடர வழியின்றி அறுந்துபோகும் என்பதைத்தான். சுழலாத கருந்துளையில் அந்த அறுதல் ஓர் இடமே அல்ல. விழுந்தவனுக்கு முன்னால் காத்திருக்கும் ஒரு கணம். வரப்போகும் கணத்தை முழக்கோல் கொண்டு எப்படித் தடுப்பது? தடுக்க முடியுமென்றால், அந்தக் கணத்துக்கு மறுநாள் என்ன என்பதையும் சொல்லவேண்டியிருக்கும்.