உண்ணாமையும் நோன்பும்

அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பெரியோர் உண்ணாதிருப்பதைக் கண்டு வளரும் நம் பிள்ளைகள், தாமும் அவ்வாறு இருக்க விழைவது இயல்பே. ஆயின், உண்ணாதிருக்கும் ஒவ்வொருவரும் நோன்பிருக்கின்றாரா? இவ்வினாவை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

2016 ஆம் ஆண்டு ஐதராபாத்தில் 68 நாள் உண்ணாநோன்பு இருந்த 13 வயதுச் சிறுமி, நோன்பு முடிந்த சில நாள்களில் இறந்தாள். அவள் உள்ளத்தை நாம் அறியோம், தீர்ப்புரைத்தலும் முறையன்று. எனினும், பிள்ளையின் பட்டினியைப் புகழுமிடத்தில், அது நோயாயினும் எவர் கண்ணுக்கும் புலப்படாது. நோன்பு விரும்பி ஏற்பது, விரும்பினால் முடித்துக்கொள்ளத்தக்கது. உணவைக் கண்டாலே அஞ்சி நடுங்கும் பிள்ளை எதைத் துறந்தது? சமந்தபத்திரர் சல்லேகனைக்கு உரியனவாக வகுத்த நிலைகளும் தீர்க்கவியலா இடர், பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவையே.

எடை கூடிவிடுமோ என அஞ்சி உணவை ஒறுக்கும் நோய்க்கு அனோரெக்சியா என்பது மருத்துவர் வழங்கும் பெயர். எடையைப் பற்றிய கவலையே இன்றி, மணம், பதம், தொண்டையில் அடைக்குமோ என்னும் பயம் ஆகியவற்றால் உணவை விலக்கும் கோளாற்றை, 2013 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய் வகைப்பாட்டில் தனியே சேர்த்தது. ஆட்டிசம் உடையோரிடம் இவ்விரண்டும் பிறரைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன. அவர்களுட் பலர்க்குத் தாளிப்பின் நெடியும் பாத்திரங்களின் ஓசையும் தாங்கவொண்ணாதவை. சிலர்க்குப் பசி என்னும் உணர்வே தெளிவாகத் தோன்றுவதில்லை.

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளிகளின் சத்துணவுக் கூடத்தில், சாம்பார் ஊற்றுமுன் தட்டை இழுத்துக்கொண்டு வெறுஞ்சோற்றோடு நகரும் பிள்ளையைக் காணாத ஆசிரியர் இலர். நாமும் கண்டிருக்கிறோம். அப்பிள்ளைக்கு நாம் பொதுவாகச் சூட்டும் பெயர் ‘பிடிவாதம்’. (ஆசிரியப் பயிற்சியில் எமக்கு வேறு பெயர் எதுவும் கற்பிக்கப்படவில்லை.) வீட்டிலோ அதட்டலும் கெஞ்சலும் மாறி மாறி நிகழும். இரண்டும் அச்சத்தையே வளர்க்கும்.

உணவு, மருந்து, நூல், அபயம் எனத் தானம் நான்கென்பர். அஞ்சுவோர்க்கு அபயம் முந்துதல் வேண்டும் என்பது எம் கருத்து. அச்சம் நீங்காத நெஞ்சில் அன்னதானம் சென்று சேராது. மாங்குளத்து மலையின் கற்படுக்கைகளைக் காட்டி, சமணர் என்றால் பட்டினி கிடப்போர் என்று உரைப்பார் உளர். அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகளோ, துறவியர்க்கு உறைவிடம் அமைத்துத் தந்தோரின் கொடையைச் சொல்கின்றன.

இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையினர், ஆட்டிசமும் உணவுக் கோளாறும் ஒருங்கே உடையோர்க்கெனத் தனிநெறி வகுத்துள்ளனர். ஒலியும் பளிச்சிடும் வண்ணமும் குறைந்த அறை, எளிய மாறாத உணவு, தம் தேவைகளை எழுதிக் காட்டும் குறிப்பேடு ஆகியன அதில் அடங்கும். இவற்றுள் நம் வீடுகளில் இயலாதது யாது? நாள்தோறும் இட்லியே கேட்டால் இட்லியே தருக. சோறும் குழம்பும் ஒன்றையொன்று தொடாத தட்டு ஒன்று வாங்குக. நாளை என்ன சமையல் என்பதை இன்றே சொல்லுக. புதிய பண்டத்தை அருகில் வைத்தால் போதும். உண்ணச் சொல்ல வேண்டா. விருந்தினர் முன் “எவ்வளவு மெலிந்துவிட்டாள்!” என வியத்தல் அறவே கூடாது.

மயக்கம், உடல் குளிர்தல், நாடி தளர்தல், பெண்பிள்ளைகட்கு மாதவிலக்கு நிற்றல் ஆகியவை தோன்றின் மருத்துவரிடம் செல்லத் தாமதித்தல் தகாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். நெடுநாள் உண்ணாதிருந்தவர்க்குத் திடீரென வயிறு நிறைய ஊட்டினால் இரத்தத்தின் உப்புச் சத்துகள் நிலைகுலைந்து உயிருக்கே இடர் நேரலாம். நீண்ட நோன்பின் பாரணையை நம் முன்னோர் சிறிதளவு நீராகாரத்தால் தொடங்கினர். நோயுற்ற பிள்ளைக்கு அவ்வளவும் மருத்துவர் கண்காணிப்பிலேயே அளித்தல் வேண்டும்.

தசலட்சண பருவத்தில் நோன்பிருந்தோர் பெயரை ஆலயத்தில் அறிவிக்கும் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் பெயர்களைப் பட்டியலில் சேர்க்குமுன், வழக்கமான நாளில் அவர்கள் எப்படி உண்கின்றனர் என்பதை அன்னையரிடம் தனியே கேட்டறிதல் நன்று.