நித்திரை என்றால் தூக்கமா?



விசுவாசி ஒருவர் மரித்தால் 'நித்திரையடைந்தார்' என்று நோட்டீஸ் அடிக்கிறோம். வேத வார்த்தைதான், நமக்கு ஆறுதல்தான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு? "தாத்தா தூங்குறார்டா" என்று சொல்லிவிட்டு, பெட்டியை மூடி மண்ணுக்குள் இறக்குகிறோம். அன்று ராத்திரி அந்தப் பிள்ளை எப்படித் தூங்கும்?

யோவான் 11-ஐ வாசித்துப் பாருங்கள். லாசரு நித்திரையாயிருக்கிறான் என்றுதான் ஆண்டவரும் முதலில் சொன்னார். வளர்ந்த சீஷர்களுக்கே விளங்கவில்லை; தூங்கினால் சுகமாகிவிடுவான் என்று நினைத்தார்கள். அப்புறம் அவர் ஒளிக்காமல், அவன் மரித்துவிட்டான் என்றே சொன்னார். எழுப்பப் போவது தெரிந்தும் கண்ணீர் விட்டார். நாமோ பிள்ளைகள் முன்னால் அழுதால் அவிசுவாசம் என்கிறோம்!

இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேற வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்காக நம் சண்டே ஸ்கூல் பிள்ளைகளும் முழங்காலில் நின்றார்கள். அப்படியும் பலர் ஒவ்வொருவராக மரித்தார்கள். கடைசியில் எண்ணிக்கை 23 ஆனது.

"நாங்க ஜெபம் பண்ணோமே பாஸ்டர், ஏன் செத்துப்போனாங்க?" என்றாள் ஒரு சிறுமி. பக்கத்திலிருந்த சகோதரி, "இயேசப்பாவுக்கு அவங்கள ரொம்பப் பிடிச்சிருச்சு, எடுத்துக்கிட்டார்" என்றார்கள். பிள்ளை முகம் வெளுத்துப்போயிற்று. "எங்கம்மாவையும் பிடிக்குமா?" அவள் அம்மா தினமும் ஜீப்பில் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள்.

அப்போஸ்தலர் 12-ல் ஏரோது யாக்கோபை வெட்டினான். அதே அதிகாரத்தில் சபை ஜெபித்தது, தூதன் பேதுருவைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தான். யாக்கோபுக்கு மட்டும் ஏன் அப்படி? வேதம் காரணம் சொல்லவில்லை. விசுவாசம் குறைந்தது என்றும் சொல்லவில்லை. வேதம் சொல்லாததைப் பிள்ளையின் தலையில் நாம் கட்டலாமா?

"நீ ஜெபிச்சது சரிதாம்மா. ஏன்னு பாஸ்டருக்கும் தெரியாது. இயேசப்பா உன் அம்மாவைப் பறிக்கக் காத்திருக்கிறவர் இல்ல" என்றேன். 'அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது' என்று வாக்குக் கொடுக்க மட்டும் எனக்குத் துணிவில்லை. அந்தப் பாதையில் ஜீப் கவிழ்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "அம்மா வர லேட்டானா யார் வீட்ல இருப்ப?" என்று கேட்டேன். "அம்மாச்சி வீட்ல" என்றாள். கொஞ்சம் தெளிந்தது.

அடக்க ஆராதனைக்குப் பிள்ளைகள் வர ஆசைப்பட்டால் கூட்டிவாருங்கள். ஒரு பிடி மண் போடட்டும். செத்தவங்க வீட்டுக்குத் திரும்ப மாட்டாங்க, கர்த்தர் வரும்போது எழுப்புவார் என்று, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சோறு சாப்பிடும்போது மறுபடி அதையே கேட்பார்கள். மறுபடி சொல்லுங்கள்.